இடது முனை, வலது முனை, நடுப்புள்ளி: எந்தச் செவ்வகத்தை நம்பலாம்?

வளைகோட்டின் கீழுள்ள பரப்பைச் செவ்வகங்களாக வெட்டிக் கூட்டும்போது நாம் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு செவ்வகத்தின் உயரத்தையும் எங்கே அளப்பது? இடது முனையிலா, வலது முனையிலா, நடுப்புள்ளியிலா? பட்டைகளை எண்ணற்றவையாக்கினால் மூன்றும் ஒரே விடைக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டுப் பல வகுப்புகள் அடுத்த பாடத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. அது உண்மைதான். ஆனால் கையில் நான்கே பட்டைகள் இருக்கும்போது மூன்றும் ஒன்றல்ல.

விடை தெரிந்த கணக்கு ஒன்றில் சோதித்துப் பார்ப்போம். கிடைத்தொலைவின் தலைகீழியே உயரமாக அமையும் வளைகோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவு 1 என்றால் உயரம் 1. தொலைவு 2 என்றால் உயரம் 0.5. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பு 2-இன் இயல் மடக்கை, அதாவது 0.693147. இதை 0.25 அகலமுள்ள நான்கு பட்டைகளாகப் பிரித்தால் இடது முனை விதி 0.759524 தருகிறது. வலது முனை விதி தருவது 0.634524. நடுப்புள்ளி விதியோ 0.691220 என்று உண்மைக்கு மிக அருகே வந்துவிடுகிறது.

இடது முனையின் பிழை 0.066, நடுப்புள்ளியின் பிழை 0.002-க்கும் குறைவு. நான்கு நடுப்புள்ளிச் செவ்வகங்கள் தரும் துல்லியத்தை இடது முனை விதியால் எட்ட ஏறத்தாழ 130 செவ்வகங்கள் வேண்டும். பட்டைகளை எட்டாக்கினால் இடது முனையின் பிழை பாதியாகக் குறைந்து 0.0322 ஆகிறது. நடுப்புள்ளியின் பிழை நான்கில் ஒரு பங்காகி 0.0005-ஐ ஒட்டி நிற்கிறது. எண் மட்டும் போதுமென்றால் தயக்கமே வேண்டாம், நடுப்புள்ளிதான்.

ஆனாலும் முனை விதிகளை ஒதுக்கிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நம் வளைகோடு இறங்கிக்கொண்டே போகிறது. ஆகவே ஒவ்வொரு பட்டையிலும் இடது முனைதான் மிக உயரம், வலது முனைதான் மிகத் தாழ்வு. உண்மைப் பரப்பு இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவே இருந்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட அவ்விரு கூட்டல்கள்கூடத் தேவையில்லை: தொடக்க உயரத்திலிருந்து இறுதி உயரத்தைக் கழித்துப் பட்டையின் அகலத்தால் பெருக்கினால் போதும். இங்கே 0.5 பெருக்கல் 0.25, அதாவது 0.125. மேலே உள்ள இரண்டு எண்களைக் கழித்துப் பாருங்கள், அதே 0.125 வரும். இந்த வித்தியாசம் 0.001 ஆக வேண்டுமென்றால் 500 பட்டைகள் தேவை என்று கணக்கைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடலாம். 1687-இல் வெளியான பிரின்சிபியாவின் முதல் நூலில், இரண்டாம் துணைத்தேற்றத்தில் நியூட்டன் இதையேதான் செய்கிறார். உள்ளே அடங்கும் செவ்வகங்களுக்கும் வெளியே சூழும் செவ்வகங்களுக்கும் உள்ள வித்தியாசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒற்றைச் செவ்வகம் கிடைக்கிறது. அகலம் சுருங்கச் சுருங்க அது மறைந்துவிடுகிறது. நடுப்புள்ளி விதி தனியாக நின்று இப்படியொரு உறுதியைத் தருவதில்லை.

இந்த உறுதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: வளைகோடு ஏறிக்கொண்டே போக வேண்டும், அல்லது இறங்கிக்கொண்டே போக வேண்டும். சைன் வளைகோட்டை 0 முதல் பை வரை எடுத்தால் இரு முனைகளிலும் உயரம் பூச்சியம். நான்கு பட்டைகளில் இடது, வலது இரண்டுமே 1.896 தருகின்றன. வித்தியாசமே இல்லை என்பதால் பிழையும் இல்லை என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். உண்மைப் பரப்பு 2. உச்சியில் வளைகோட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

இடது, வலது விடைகளின் சராசரியே சரிவக விதி. நம் முதல் கணக்கில் அது 0.697024. பட்டையின் மேல்விளிம்பைச் சாய்கோடாக்குவதால் செவ்வகத்தைவிடச் சரிவகம் நன்றாகப் பொருந்தும் என்றே கண்ணுக்குத் தோன்றும். ஆனால் அதன் பிழை 0.0039, நடுப்புள்ளியின் பிழையைப் போல் இரு மடங்கு! காரணம் அழகானது. நடுப்புள்ளியில் வளைகோட்டுக்கு ஒரு தொடுகோடு வரையுங்கள். அதன் கீழே உருவாகும் சரிவகத்தின் பரப்பும் நடுப்புள்ளிச் செவ்வகத்தின் பரப்பும் சமம், ஏனெனில் ஒரு பக்கம் கூடுவது மறுபக்கம் குறைகிறது. அப்படியானால் நடுப்புள்ளிச் செவ்வகமும் சாய்ந்த விளிம்புள்ள சரிவகம்தான். சரிவக விதி நாணைப் பின்பற்ற, இது தொடுகோட்டைப் பின்பற்றுகிறது. நம் வளைகோடு தொடுகோட்டுக்கு மேலும் நாணுக்குக் கீழும் வளைவதால், நடுப்புள்ளி சற்றுக் குறைத்தும் சரிவகம் சற்றுக் கூட்டியும் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் 0.691220-க்கும் 0.697024-க்கும் நடுவே விடை சிக்கிக்கொள்கிறது. முனை விதிகளின் 0.125 இடைவெளி 0.006-க்குள் சுருங்கிவிட்டது, உறுதியும் கைவிட்டுப் போகவில்லை.

பிழைகள் எதிரெதிர்த் திசையில், ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருப்பதால் நடுப்புள்ளிக்கு இரண்டு பங்கு, சரிவகத்துக்கு ஒரு பங்கு என்று சராசரி எடுக்கலாம். கிடைப்பது 0.693155, பிழை ஐந்தாம் தசம இடத்துக்கு அப்பால் போய்விடுகிறது. சிம்சன் விதி என்று நாம் மனப்பாடம் செய்வது இதைத்தான்.

சூத்திரம் இல்லாமல் வெறும் அளவீட்டு அட்டவணை மட்டும் இருந்தால் நிலைமை வேறு. வண்டியின் வேகத்தைப் பத்து நொடிக்கு ஒரு முறை குறித்திருக்கிறோம், கடந்த தொலைவு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது நொடியின் வேகம் நம்மிடம் இல்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள அளவீடுகளை நடுப்புள்ளிகளாகக் கொள்ளலாம். அப்போது பட்டையின் அகலம் இருபது நொடியாகிவிடும். அந்த இடத்தில் நான் சரிவகத்தையே எடுப்பேன்.