பார்டர் சர்க்கரையும் உப்புசமும்: களியா, சப்பாத்தியா, அளந்த சோறா?

சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லப்படும் உணவுகளில் பாதி, உப்புசத்துக்கு ஆளான வயிற்றுக்கு ஆகாது. கொண்டைக்கடலைச் சுண்டல், ராஜ்மா, கோதுமை ரவை உப்புமா, வெங்காயம் நிறையப் போட்ட சாலட் எல்லாம் இந்த ரகம்தான். என் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. முன்னதில் 100 முதல் 125 வரை, பின்னதில் 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஊர் வழக்கில் 'பார்டர்'. ஐ.பி.எஸ். என்கிற குடல் உபாதையோ எனக்கு அதற்கு வெகு காலம் முன்பே உண்டு. கோத்தகிரியில் என் சமையலறையில் மூன்று வழிகளையும் பார்த்துவிட்டு, அளந்த சோற்றில் நிலைத்திருக்கிறேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

சப்பாத்தியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கோதுமையில் ஃப்ரக்டான் என்ற சத்து உண்டு. சிறுகுடலால் அதைச் செரிக்க முடியாது. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைக்க, வாயு சேர்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது அதேதான். ஆகவே சப்பாத்திக்கு வெங்காயக் குருமா தொட்டுக்கொண்டால் இரட்டைச் சுமை. உங்களுக்கு ஒத்துவந்தால் மாற்றத் தேவையில்லை. கோதுமை தின்றாலே தொல்லை என்றால், அதை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் சீலியாக் (கோதுமைப் புரதமான குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) பரிசோதனை பற்றிக் கேளுங்கள். நிறுத்திவிட்டுச் சோதித்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும்.

களியை எதிர்த்துப் பேச இந்த மலையில் யாருக்கும் மனம் வராது. எனக்கும்தான். 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து ஏறத்தாழ 11 கிராம். தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. காகிதத்தில் களிக்கே வெற்றி. நைசாக அரைத்த மாவில் காய்ச்சும் நீர்த்த கஞ்சிக்கு இந்தப் பெருமை அவ்வளவாகப் பொருந்தாது. அது சர்க்கரையை விரைவாக ஏற்றிவிடும். கெட்டிக் களியைத்தான் சொல்கிறேன்.

சிக்கல் அந்த நார்ச்சத்திலேயே இருக்கிறது. ஐ.பி.எஸ். உள்ள குடலால் திடீரென்று கூடும் நாரைத் தாங்க முடியாது. களிக்குத் துணையாக வரும் அவரைக்கொட்டைக் குழம்பும் பயற்றுக் கடைசலும் தம் பங்குக்கு வாயுவைச் சேர்க்கின்றன. களி உண்ட ஒரு மணி நேரத்தில் என் வயிறு மேளம்போல் விம்மும். புடவைக் கொசுவத்தைத் தளர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காரத்தான் தோன்றும். களி தின்று வளர்ந்த முந்தைய தலைமுறை, உண்ட கையோடு தோட்டச் சரிவில் ஏறி இறங்கி வேலை செய்தது. சாய்ந்து உட்காருகிற எனக்கு அதே களி அதே பலனைத் தரவில்லை.

என் முடிவுக்குக் காரணமும் இதுதான்: உண்டபின் என்னை நடக்க விடுகிற உணவு எது?

நடக்கும்போது தசைகள் இன்சுலின் துணை அதிகம் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன. பார்டரில் இருக்கும் உடம்புக்கு இது பெரிய உதவி. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையிலிருந்து நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவு மாற்றமும் உடலுழைப்பும் சேர்ந்து, மூன்று ஆண்டுகளில் இந்நிலை நோயாக மாறும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 26.4 சதவீதம். அந்த 28.5 சதவீதம், உணவை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவர்களின் கணக்கல்ல. என் வீட்டுக் குளுக்கோமீட்டரும் அதையே சொல்கிறது. களி உண்டு உப்பி உட்கார்ந்த மாலைகளில், இரண்டு மணி நேரம் கழித்து 150ஐத் தாண்டும். அளந்த சோறு உண்டு அரை மணி நடந்த மாலைகளில் 130ஐ ஒட்டி நிற்கும். உட்கார்ந்தே இருந்தால் சோறுதான் அதிகம் ஏற்றுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நடை இல்லாவிட்டால் என் வாதம் நிற்காது.

இங்கே நடப்பதற்கும் நேரம் பார்க்க வேண்டும். இருட்டினால் சாலையில் காட்டுமாடு நிற்கும். தேயிலைத் தோட்டத்து ஓரங்களில் கரடி வரும். எனவே ஐந்தரைக்கே சாப்பாடு, வெளிச்சம் இருக்கும்போதே நடை. உண்டவுடன் ஏற்றத்தில் போனால் நெஞ்செரிச்சல் வருகிறது. சமமான தெருவில் போய் வருவதே போதும்.

தட்டு இப்படி இருக்கும்: புழுங்கல் அரிசிச் சோறு சிறிய டம்ளரில் ஒன்று, அதைவிடக் கூடுதலாகப் பீன்ஸ் கேரட் பொரியல், ஒரு முட்டை, கொஞ்சம் பாசிப்பருப்பு. காயும் முட்டையும் முதலில், சோறு கடைசியில். இந்த வரிசையில் உண்டால் சர்க்கரை மெல்ல ஏறும். பருப்பு தோல் நீக்கியதாக இருக்க வேண்டும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் குழையாது. அரைவேக்காட்டுப் பருப்பைப்போல் என் வயிற்றைக் கெடுப்பது வேறில்லை. குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். சோற்றை மட்டும் குழைய விடாதீர்கள். குழைந்த சோறு சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

பூண்டு மணம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு வழி இருக்கிறது. நல்லெண்ணெயில் பூண்டுப் பற்களைப் பொன்னிறமாக வதக்கி, பற்களை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது, மணம் கரையும்.

மலையில் விளைகிறதே என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள முடியாது. காலிஃபிளவரிலும் மொட்டுக் காளானிலும் மானிட்டால், பேரிக்காயிலும் பிளம்ஸிலும் சார்பிட்டால். இரண்டுமே வயிற்றை ஊதவைப்பவை. உருளைக்கிழங்கு குடலுக்கு இதம்தான், ஆனால் அதைச் சோற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டும். மாலை டீயோடு வர்க்கி பிஸ்கட் என்ற பழக்கத்தை விடுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மைதாவும் கொழுப்பும் பாலும் ஒன்றாகச் சேரும்போது சர்க்கரை, வயிறு இரண்டுக்குமே கேடு.

சாமையை நான் தொடர்ந்து உண்டதில்லை. விருந்துகளில் உண்டபோது தொல்லை தரவில்லை, அவ்வளவே என் அனுபவம். என் வயிறு உப்பும் ரகம். மலச்சிக்கல் ரகத்தாருக்கு என் தேர்வு பொருந்தாமல் போகலாம். நார் குறைந்த சோறு அவர்களை இன்னும் இறுக்கிவிடும். அவர்கள் புளித்த மாவில் ஒரே ஒரு கேழ்வரகுத் தோசையோடு தொடங்கி, தண்ணீரும் கூடுதலாகக் குடித்து, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றிப் பார்க்கலாம். காரணமில்லாமல் எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, உணவுச் சோதனைகளை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.