காட்டுப் பாதையில் கார்மின் ஈட்ரெக்ஸ் 32எக்ஸ்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், டில்லமுக் காட்டின் சரளைப் பாதைகளில் மோட்டார் சைக்கிளில் சென்று ஜியோகேச்சிங் பெட்டிகளைத் தேடுவது என் வார இறுதிப் பழக்கம். ஒருவர் மறைத்துவைத்த பெட்டியை, அவர் இணையத்தில் தரும் ஆயத்தொலைவுகளைக் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக்) கொண்டு மற்றவர்கள் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. அதற்காகவே கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் என்னும் கையடக்க ஜிபிஎஸ் கருவியை வாங்கினேன். மூன்று மழைக்காலங்கள் கடந்த பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இந்த விளையாட்டு பிறந்ததும் இதே மாநிலத்தில்தான். ஜிபிஎஸ் அலையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியதும், அடுத்த நாளே டேவ் உல்மர் என்பவர் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை மறைத்துவைத்து அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் அறிவித்தார்.

கைப்பேசியிலேயே செயலி இருக்கும்போது தனிக் கருவி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. நானும் முதல் கோடை முழுவதும் கைப்பேசியை ஹேண்டில்பாரில் பொருத்தியே ஓட்டினேன். மலிவாகக் கிடைத்த தாங்கியின் கவ்வி, மழைநீர் அரித்த ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது பிடியை விட்டுவிட்டது. திரை நொறுங்கிய அந்தக் கைப்பேசியைக் கற்களுக்கிடையிலிருந்து பொறுக்கியெடுத்த பிறகுதான், திறன் மிகுந்த மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கத்தடுப்புப் பகுதியைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருந்ததைப் படித்தேன். இப்போது கைப்பேசி என் சட்டைப்பையில் இருக்கிறது.

ஈட்ரெக்ஸின் உடலமைப்பைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2.2 அங்குல வண்ணத்திரை. பேட்டரிகளோடு சேர்த்து 140 கிராமை ஒட்டிய எடை. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் ஐபிஎக்ஸ்7 தரம். இரண்டு சாதாரண ஏஏ பேட்டரிகளில் 25 மணி நேரம் இயங்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பேட்டரியில் ஓடுவதே காட்டில் இதன் பெரிய பலம். தொடுதிரை இல்லாததால் நனைந்த கையுறையோடும் இயக்க முடிகிறது, ஆனாலும் முகப்பிலுள்ள சிறு குச்சியைத் தடித்த கையுறையுடன் நேராக அழுத்துவதற்குச் சில நாள் பழக்கம் வேண்டும். வண்டியின் மின்சாரத்தை மினி யூஎஸ்பி வழியாகக் கொடுக்கலாம். அதற்கு ரப்பர் மூடியைத் திறந்துவைக்க வேண்டும், திறந்தால் நீர்க்காப்பு இல்லை. மழைக்காலத்தில் நான் பேட்டரியையே நம்புகிறேன்.

இந்தக் கருவியை வாங்கலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது திசைகாட்டிதான். இதே வரிசையில் 22எக்ஸ் என்ற மாதிரியும் 2019இல் உடன் வெளிவந்தது. அன்றைய விலைப்படி அது நூறு டாலர் குறைவு. அதில் மின்னணுத் திசைகாட்டி இல்லை. நகர்ந்துகொண்டிருக்கும்போது மட்டுமே அது திசையைக் கணிக்கும். வண்டி ஓடும்வரை இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் அனுமதிக்கப்பட்ட தடத்தை விட்டு வண்டியைக் காட்டுக்குள் இறக்கக் கூடாது என்பதால், எந்தத் தேடலும் கடைசி நூறு மீட்டரில் நடையாக மாறிவிடுகிறது. விழுந்த மரங்களையும் முட்புதர்களையும் தாண்டி, நான்கு அடி வைத்து நின்று, மறுபடி நான்கு அடி வைக்கும் அந்த நடையில், நிற்கும்போதும் சரியான பக்கத்தைக் காட்டுவது 32எக்ஸின் மூவச்சுத் திசைகாட்டி மட்டுமே. பேட்டரி மாற்றிய ஒவ்வொரு முறையும் அதைச் சுழற்றிச் சுழற்றி அளவுதிருத்தம் செய்ய வேண்டும். அதையும் வண்டியிலிருந்து பத்தடி விலகி நின்று செய்வது நல்லது, ஏனெனில் எஞ்சினின் இரும்பு திசைகாட்டியைத் திசைதிருப்பிவிடும்.

துல்லியத்தைப் பொறுத்தவரை கருவியைக் குறை சொல்வதற்கு முன் காட்டைப் பார்க்க வேண்டும். டில்லமுக்கில் 1933 முதல் 1951 வரை ஆறாண்டுக்கு ஒருமுறை பெருந்தீ பரவியது. பின்னர் பள்ளி மாணவர்களும் சேர்ந்து மறுநடவு செய்த டக்ளஸ் ஃபிர் மரங்கள் ஏறத்தாழ ஒரே வயதில் நெருங்கி நிற்கின்றன. செயற்கைக்கோள் அலை அந்த ஈரக்கிளைகளில் பட்டுச் சிதறுகிறது. ஜியோகேச்சிங் ஆயத்தொலைவுகள் நிமிடத்தின் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்குவரை எழுதப்படுகின்றன. வடக்குத் தெற்காக அது 1.85 மீட்டர். எழுத்தில் அவ்வளவு நுட்பம் இருந்தாலும், பெட்டியை மறைத்தவரின் கருவியிலும் பிழை, என் கருவியிலும் பிழை என்பதால், திரையில் மீதித் தூரம் சுழியாகும் இடத்தைச் சுற்றிப் பதினைந்து மீட்டர் தேட நான் தயங்குவதில்லை. ரஷ்யாவின் கிளோனாஸ் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பெறும்படி அமைத்துக்கொண்டால் பள்ளத்தாக்குகளில் இருப்பிடம் நிலையாக நிற்கிறது.

பெட்டிகளின் விவரங்களை வீட்டிலேயே கணினி வழியாக ஜிபிஎக்ஸ் (ஜிபிஎஸ் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்புகளாக ஏற்றிவிட வேண்டும். புளூடூத் இல்லாததால் நடுவழியில் கைப்பேசியிலிருந்து புதிதாக எதையும் அனுப்ப முடியாது. இது பலருக்குக் குறையாகத் தெரியலாம். தொலைபேசி அலையே எட்டாத பாதைகளில் சுற்றும் எனக்கு, விளக்கம், குறிப்பு, முந்தைய தேடுநர்களின் பதிவுகள் ஆகிய அனைத்தும் கருவிக்குள்ளேயே இருப்பது போதுமானது. புறப்படுவதற்கு முன், பெட்டி இருக்கும் இடத்தை அடைவது எவ்வளவு கடினம் என்று சொல்லும் நிலப்பரப்பு மதிப்பெண்ணைப் பார்த்து வடிகட்டிக்கொள்ளுங்கள்: ஒன்று முதல் ஐந்து வரையுள்ள அந்த அளவுகோலில் ஐந்து என்றால் தனி உபகரணம் இல்லாமல் போக முடியாது என்று பொருள், மோட்டார் சைக்கிள் அதற்கு ஈடாகாது.

நகரப் பூங்காக்களில் தேடுபவர்களுக்கு இது தேவையில்லாத செலவு; கைப்பேசியே போதும். சாலையில் வழிகாட்டக் கருவி தேடுபவர்களுக்கும் இந்தச் சிறிய திரை ஏமாற்றமே தரும். மண்பாதையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் நடப்பவர்கள் 22எக்ஸைத் தவிர்த்து 32எக்ஸையே வாங்கலாம். கூடவே ஹேண்டில்பார் தாங்கியோடு நில்லாமல், கருவியை வண்டியோடு பிணைக்க ஒரு கயிறும் வாங்கிக்கொள்ளுங்கள்.