கோல்ஃப் கிரீனுக்கு ஆன்லைனில் மணல் வாங்குகிறவர்கள் உஷார்! ₹86,000 போச்சு

ஒசூர் பக்கம் கோல்ஃப் மைதானமோ ரிசார்ட் புல்வெளியோ பராமரிக்கிறவர்கள், மணலுக்கு ஆர்டர் போடும் முன் இதைப் படியுங்கள். விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் ஒரு ஆன்லைன் தளம் வழியாக எங்களிடம் ₹86,000 பிடுங்கிவிட்டார்கள். எப்படித் தப்பிப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஆனி, ஆடியில் ஆட்டம் குறையும், மழை ஈரத்தில் பெர்முடா புல்லும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். கிரீனில் (குழியைச் சுற்றிப் பந்தை உருட்டும் குட்டைப் புல்தரை) ஹாலோ டைன் (மண்ணை உருளை உருளையாகத் துளைத்தெடுக்கும் குழாய் முனை) ஓட்ட அதுதான் நேரம். 12 மி.மீ. டைன், 5 செ.மீ. இடைவெளி, 8 செ.மீ. ஆழம் என்றால் சதுர மீட்டருக்கு 400 துளை. அதை நிரப்பவே மூன்றரை லிட்டர் மணல் போகும். மேலே தூவ இன்னும் இரண்டு லிட்டர். எங்கள் ஒன்பது கிரீனும் சேர்த்து 4,000 சதுர மீட்டருக்கு 22 கன மீட்டர், நம் லாரிக் கணக்கில் 8 யூனிட். கழுவிச் சலித்த சிலிக்கா மணல், பெரும்பகுதி 0.25 முதல் 1 மி.மீ. வரை என்று எழுத்தில் கேட்டோம்.

"கிரீன் அடியில என்ன மணல் சார் இருக்கு? அதே சைஸ்தான் மேலேயும் போடணும், இல்லேன்னா லேயர் கட்டிரும்" என்றான் அந்தத் தளத்தில் கிடைத்த மணல் விற்கிற ஆள். இந்த ஒரு வார்த்தையில்தான் நம்பினோம். மாதிரிப் பையும் சுத்தம். பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் அரை நிமிடத்தில் மணல் அடியில், மேலே தெளிந்த தண்ணீர். முழுப்பணம் ₹86,000 கட்டினோம்.

விடியற்காலையில் டிப்பர் கொட்டிவிட்டுப் போனது. குவியலின் மேல்புறம் நல்ல மணல், உள்ளே கல் உடைக்கும் கிரஷரில் விழும் சாம்பல் நிறத் தூசி! இரண்டு கிரீனில் தேய்த்துத் தண்ணீர் காட்டியதும் சிமென்ட் பால் மாதிரி படிந்து இறுகிவிட்டது. குத்திப் பார்த்தால் ஸ்க்ரூடிரைவர்கூட இறங்கவில்லை. 0.15 மி.மீ.க்குக் கீழான தூள், மணலுக்கு இடையில் இருக்கும் காற்றுவெளியை அடைத்துவிடும். தண்ணீர் மேலேயே நிற்கும், வேர் கீழே போகாது, பாசி பிடிக்கும். எரு போட்டுச் சரிசெய்கிற சமாச்சாரம் இல்லை இது. திரும்பத் துளை குத்தி, வெளிவரும் மண் உருளைகளை வாரிக் கொட்டி, நல்ல மணலால் நிரப்ப வேண்டும். அந்தச் செலவு ₹86,000க்கு மேல் தனி.

போன் போட்டால் முதலில் "ஈரமா இருக்கு சார், காஞ்சா சரியாயிடும்." அடுத்து "விரிச்சுட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது." விரிக்காத ஆறு யூனிட்டுக்கு மேல் அப்படியே கிடக்கிறதே என்றால் லைன் கட். தளத்தில் புகார் கொடுத்தால் "நாங்கள் இணைப்பு மட்டுமே தருகிறோம், விற்பவரிடம் பேசிக்கொள்ளவும்" என்று ஒரு வரி. மறுபடி எழுதினால் "புகார் முடிக்கப்பட்டது". யார் முடித்தார்கள்? எங்கள் ₹86,000 எங்கே?

கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். மாதிரிப் பையை நம்பாதீர்கள். டிப்பர் கொட்டும் முன் நடுவிலும் அடியிலும் மண்வெட்டி போட்டு எடுத்து, அங்கேயே பாட்டிலில் குலுக்கிப் பாருங்கள். கலங்கலாகவே நின்றால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். பாதிப் பணத்துக்கு மேல் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். இருட்டில் லோடு இறக்க விடாதீர்கள். ஏற்கெனவே விரித்தாகிவிட்டதா? தண்ணீர் காட்டவே காட்டாதீர்கள், காய்ந்திருக்கும்போதே கூட்டி வாரிவிடுங்கள்.