கண்மாய்க்குள் இறங்க எந்த ஃபோர் வீல் வண்டி?

வேட்டைக்குப் போக நல்ல ஜீப் எது என்று கேட்பவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அதனால் முதலில் அதைப் பேசி முடித்துவிடுவோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று முயலோ கௌதாரியோ மானோ, எதன் மீதும் கை வைக்கக் கூடாது. சிவராத்திரி ராத்திரி, ஊர் வழக்கம், தாத்தா காலத்துப் பழக்கம் என்று சொல்லும் எதுவும் வனத்துறையிடம் எடுபடாது. அபராதமும் சிறையும் ஒரு பக்கம் இருக்க, வேட்டைக்குப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் செய்து அரசு உடைமையாக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விஜயதசமிக்குக் காரைக்குடி மகர்நோன்புப் பொட்டலில் சாமி அம்பு போடுவதைக் கூட்டத்தோடு நின்று பார்க்கிறோமே, எனக்கு அந்த வேட்டை போதும்.

ஆனால் துப்பாக்கியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. விடியும் முன் கிளம்புவது, கண்மாய்க் கரையில் ஏறி உட்கார்ந்து நாரையும் நீர்க்காகமும் இறங்குவதைப் பார்ப்பது, தூண்டில் போடுவது, மீன்பிடித் திருவிழா அன்று மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையையும் வலையையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு ஊர் போவது, நாய்களை ஓட விடுவது, அப்படியே தோட்டத்துக்கு உரமூட்டையும் மோட்டாரும் கொண்டு சேர்ப்பது. இதற்கெல்லாம் ஒரு ஃபோர் வீல் வண்டி வாங்கலாமா, வாங்கினால் எது என்பதுதான் இங்கே பேச்சு. நான் மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி, அதிலும் மேனுவல் கியர் வாங்கினேன். மற்றவற்றை நண்பர்களும் உறவினர்களும் வைத்திருக்கிறார்கள், ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் லடாக்கையும் கோவா மணலையும் மனதில் வைத்து எழுதியவை, அவற்றைப் படித்துவிட்டுத் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்க்குள் இறங்க வண்டி தேர்ந்தெடுக்கக் கூடாது.

நம் மண்ணை நினைத்துப் பாருங்கள். மேட்டில் செம்மண்ணும் செம்புராங்கல்லும், அதில் எந்த வண்டியும் போகும், கோடையில் டூ வீல் டிரைவ் காரே போதும். சிக்கல் எல்லாம் கண்மாய் உள்வாயில்தான். மேலே வெடித்துக் காய்ந்து கிடக்கும், நடந்து பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் கீழே கரம்பை (களிமண்) ஈரமாக இருக்கும். கனமான வண்டி மேல் ஓட்டை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கினால், நான்கு சக்கரமும் சுற்றினாலும் பிரயோஜனம் இல்லை, சேசிஸ் தரையில் உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் 150 குதிரைத்திறனால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. வண்டி எவ்வளவு கனம், டயர் என்ன டயர், அதில் காற்று எவ்வளவு, இவைதான் கணக்கு.

அடுத்தது அகலம். கரை மேல் போகும் வண்டிப்பாதையில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல் அடைத்துக்கொண்டு நிற்கும், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல் பள்ளம். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது, மடை வரைக்கும் பின்னாலேயே வர வேண்டும். ஜிம்னியின் அகலம் 1,645 மில்லிமீட்டர். மகிந்திராவின் மூன்று கதவுத் தார் 1,820, ஃபோர்ஸ் கூர்க்கா 1,865. பேப்பரில் ஒரு சாண் வித்தியாசம்தான், ஆனால் கரை மேல் அந்த ஒரு சாணில்தான் பெயின்ட் தப்பிக்கிறது, சில இடங்களில் வண்டியே தப்பிக்கிறது.

இந்த இரண்டு காரணத்துக்காகத்தான் ஜிம்னி. சுமார் 1,200 கிலோ எடை, தனி சேசிஸ், முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், லோ கியர் லிவர் கையால் தள்ளுகிற மாதிரி, கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மில்லிமீட்டர். எஞ்சின் 1.5 லிட்டர் பெட்ரோல், 105 குதிரைத்திறன்தான், திருச்சி பைபாஸில் லாரியை முந்த யோசித்துத்தான் முந்த வேண்டும். ஆனால் ஃபோர் எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் லோ கியர்) போட்டு முதல் கியரில் விட்டால், ஆக்சிலேட்டரைத் தொடாமல் மிகைநீர் வழியும் கலுங்குக்குக் கீழே சிதறிக் கிடக்கும் கற்களின் மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் போகும். ஒரு சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுற்றினால் அதற்கு மட்டும் பிரேக் பிடித்து எதிர்ச் சக்கரத்துக்கு இழுவையைத் திருப்பிவிடும் ஏற்பாடும் இருக்கிறது. அந்த நேரத்தில் கடகடவென்று சத்தம் வரும், புதிதாக ஓட்டுகிறவர்கள் பயந்துபோய்க் காலை எடுத்துவிடுகிறார்கள், எடுக்கக் கூடாது, நிதானமாக அழுத்திக்கொண்டே இருந்தால் வண்டி மெல்ல வெளியே வந்துவிடும்.

குறை என்று பார்த்தால் இடம்தான். பின்சீட்டில் ஆள் இருந்தால் டிக்கி 208 லிட்டர், ஓர் ஊத்தாவை வைத்தாலே நிறைந்துவிடும். நாங்கள் பின்சீட்டை மடித்துவிட்டு இரண்டு பேர், ஒரு நாய், தூண்டில் சாமான், சாப்பாட்டுத் தூக்கு என்று போவோம், அதற்குச் சரியாக இருக்கும். அப்பத்தாவையும் சேர்த்துக் குடும்பத்தோடு குலதெய்வம் கோவிலுக்குப் போக ஒரே வண்டியாக இதை வாங்கினால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள். நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பழைய காலத்துப் பெட்டி, ஊருக்குள் ஓட்டச் சுகம், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். 2023 ஜூனில் வெளிவந்தபோது ஷோரூம் விலை 12.74 லட்சத்தில் தொடங்கியது, அந்தக் காசுக்குப் பெரிய கார் கிடைக்குமே என்று எல்லாரும் கேட்டார்கள். கிடைக்கும், ஆனால் அது கண்மாய்க்குள் இறங்காது.

தார் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். நல்ல வண்டி. 2020 அக்டோபரில் வந்த மூன்று கதவு மாடலில் 2.2 லிட்டர் டீசல் 130 குதிரைத்திறன், இழுவை 300 நியூட்டன் மீட்டர், 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்று நிறுவனமே சொல்கிறது. ஐப்பசி கார்த்திகையில் தரைப்பாலம் மூழ்கிக் கிடக்கும்போது அந்த உயரம் தைரியம் கொடுக்கிறது (ஓடுகிற தண்ணீரில் மட்டும் எந்த வண்டியையும் இறக்காதீர்கள், ஆழம் குறைவாக இருந்தாலும் இழுத்துக்கொண்டு போய்விடும்). சாலையில் ஜிம்னியை விட எவ்வளவோ நிம்மதி. ஆனால் எடை 1,700 கிலோவுக்கு மேல், கரம்பையில் அது தெரிகிறது. இன்னொன்று, 2023லிருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் அதே வண்டி. என் சித்தப்பா மகன் பழைய வண்டி வாங்கப் போனபோது, விற்கிறவர் ‘தார்னா ஃபோர் வீல்தான் தம்பி’ என்று அடித்துச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தால் ஃபோர் வீல் லிவரே இல்லை. கியர் லிவருக்குப் பக்கத்தில் இரண்டாவது லிவர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸில் குடும்பமே தாராளமாகப் போகலாம், ஆனால் ஃபோர் வீல் வேண்டும் என்றால் டீசல் மட்டும்தான்.

டீசலில் ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. இப்போது வரும் பிஎஸ் 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகையில் இருக்கும் கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி உண்டு. வண்டி நன்றாகச் சூடாகி, கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். வீட்டிலிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து டீக்கடை, திரும்ப வீடு என்று தினமும் ஏழெட்டுக் கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது அடைத்துக்கொண்டே இருக்கும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், அப்புறம் சர்வீசுக்கு அலைச்சல். வாரம் ஒரு முறையாவது மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள் டீசல் எடுங்கள். மற்றவர்களுக்குப் பெட்ரோல்தான் நல்லது.

கூர்க்காவை நான் மரியாதையோடு பார்க்கிறேன். முன்னும் பின்னும், இடது வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலை முழுதாகப் பூட்டும் லாக்கர் கம்பெனியிலிருந்தே வருகிறது, மூச்சுக்குழாய் போல மேலே போகும் ஸ்நார்க்கலும் அப்படியே. 2.6 லிட்டர் டீசல், 2024 மாடலில் 140 குதிரைத்திறன். எஸ்டேட்டும் மலையும் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வண்டி இந்த விலையில் இல்லை. நமக்கு அது தேவைக்கு மேல். ஏறத்தாழ இரண்டு டன், அவ்வளவு அகலம், கரை மேல் திருப்புவதற்குள் வேர்த்துவிடும்.

உண்மையில் விவசாயம் முதலில், சுற்றுவது அப்புறம் என்று இருப்பவர்கள் பொலிரோ கேம்பர் ஃபோர் வீலைத்தான் பார்க்க வேண்டும். முன்னால் நான்கைந்து பேர், பின்னால் திறந்த தொட்டி, ஒரு டன் வரை சுமக்கும். சேறு, மீன்வாடை, நாய் எல்லாம் பின்னாலேயே போய்விடும், திரும்பி வந்து ஹோஸ் பைப் பிடித்து அடித்துவிட்டால் வேலை முடிந்தது. சின்ன ஊர் மெக்கானிக்கும் கை வைக்கத் தயங்காத வண்டி. சொகுசை எதிர்பார்க்காதீர்கள், நெடுஞ்சாலையில் 80க்கு மேல் போகத் தோன்றாது. இதே வேலையை ஏசியும் வேகமுமாகச் செய்ய இசுசு வி-கிராஸ் இருக்கிறது, ஆனால் நீளம் 5 மீட்டருக்கு மேல், விலையும் எங்கேயோ போய்விடும், கரை முனையில் திருப்ப முடியாமல் தவிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

பழைய மாருதி ஜிப்சி மீதும் மகிந்திரா ஜீப் மீதும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிப்சி எடை குறைவு, ஜிம்னி போகிற இடமெல்லாம் போகும், ஆனால் பட்டை ஸ்பிரிங், ஏசி கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள், சித்திரையில் உள்ளே உட்கார முடியாது. பழைய ஜீப் வாங்குகிறீர்கள் என்றால் பெயரையும் ஸ்டிக்கரையும் நம்பாமல் குனிந்து முன் ஆக்சிலைப் பாருங்கள், பின்னால் இருப்பது போலவே முன்னாலும் உருண்டையான இரும்பு ஹவுசிங்கும் அதற்குப் போகும் ஷாஃப்டும் இருந்தால்தான் அது ஃபோர் வீல். 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் பதிவு புதுப்பித்திருக்கிறதா என்று ஆர்சி புத்தகத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். முன்னால் கனமான இரும்புக் கம்பி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை சொல்லிவிட்டது.

எந்த வண்டி வாங்கினாலும் நம் ஊரில் முதல் எதிரி கருவேல முள். டயரின் அடிப்பக்கம் தடிமன், அங்கே ஏறினால் சமாளிக்கலாம். பக்கவாட்டில் ஏறினால் டியூப்லெஸ் டயருக்கு ஒட்டு நிற்காது, டயரையே மாற்ற வேண்டும். அதனால் வண்டி எடுத்த கையோடு, கம்பெனி டயரைக் கொடுத்துவிட்டுப் பக்கச்சுவர் கெட்டியான ஆல் டெரெய்ன் டயர் போட்டேன், இந்தச் செலவுக்கு நான் வருத்தப்படவே இல்லை. பெரிய கட்டை வைத்த மட் டெரெய்ன் நமக்கு வேண்டாம், தார் ரோட்டில் இரைச்சல், மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். தேவகோட்டை ரோட்டில் பஞ்சர் போடும் அண்ணன் ஒருவர் சொன்னதை இப்போதும் கடைப்பிடிக்கிறேன்: ‘முள்ளப் பிடுங்கிறாதீங்க தம்பி, அது அடைச்சுக்கிட்டு நிக்கும், மெதுவா ஓட்டிட்டு வாங்க.’ உண்மைதான், பிடுங்கினால் புஸ்ஸென்று இறங்கிவிடும், விட்டுவைத்தால் காற்று மெல்லத்தான் கசியும், அதற்குள் கடைக்கு வந்துவிடலாம்.

கரம்பையில் இறங்கும் முன் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறைத்துவிடுங்கள். டயர் பரந்து உட்காரும், புதைவது குறையும். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் நிரப்பாமல் ஓட்டக் கூடாது, அதனால் 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும். அதேபோல் ஃபோர் எச்சை (நான்கு சக்கரமும் இழுக்கும் ஹை கியர்) காய்ந்த தார் ரோட்டில் போட்டு ஓட்டாதீர்கள், வளைவில் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் சுற்ற வேண்டும், நடுவில் அதை விட்டுக்கொடுக்க டிஃபரன்ஷியல் இல்லை, உள்ளே இறுகிக்கொண்டு கியர்பெட்டிக்குத்தான் வேதனை.

வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். கரம்பை ரிம்முக்குள் அப்பி ஒரே ராத்திரியில் கல்லாகிவிடும், மறுநாள் 70, 80 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்க, ஏதோ பெரிய கோளாறு என்று மெக்கானிக்கைத் தேடி ஓடுவீர்கள். பங்குனி சித்திரையில் காய்ந்த புல் மேல் ஓட்டினால் சைலன்சர் பக்கம் ஒட்டிய சருகைக் கையோடு எடுத்துவிடுங்கள், சூட்டில் அது பற்றிக்கொள்ளும்.

பறவை பார்க்கப் போகிறவர்கள் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கும் அங்கே உள்ள கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களுக்கும் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு கரைக்குள் போகாதீர்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது, ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். மற்ற கண்மாய்களிலும் குத்தகைக்கு எடுத்தவரையோ ஊர்ப் பெரியவரையோ கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும், எந்த இடத்தில் உள்வாங்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

வாங்கப் போகிறவர்கள் ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், வண்டியைத் தோட்டம் வரை கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் கரையில் ஒரு முறை திருப்பிப் பாருங்கள், பின்சீட்டை மடித்து உங்கள் சாமானை ஏற்றிப் பாருங்கள், லோ கியரை நீங்களே உங்கள் கையால் போட்டுப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை, மதுரையிலும் திருச்சியிலும் கடைக்கா பஞ்சம்.