எம்எக்ஸ்-5க்கு புது டயர்: சம்மரா, ட்ராக் டயரா, ஆல் சீசனா?

போன நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை வண்டிய கழுவிட்டு இருந்தேன், சும்மா பின் டயர்ல கட்டைவிரல் நகத்த அழுத்திப் பாத்தா நகம் இறங்கவே இல்ல, பிளாஸ்டிக் வாளிய அழுத்தற மாதிரி இருக்கு. த்ரெட், அதாவது ரோட்ட தொடற பள்ளம் போட்ட பகுதி, ஆழம் அளந்தா 5 மிமீ இருக்கு. இங்க இங்கிலாந்துல சட்டப்படி 1.6 மிமீ இருந்தா போதும், 20 பென்ஸ் காச பள்ளத்துல சொருகினா அதோட வெளி ஓரம் முழுசா மறையுது, வருஷா வருஷம் வண்டிக்கு பண்ற எம்ஓடி டெஸ்ட்ல தாராளமா பாஸ் ஆகற டயர். ஆனா சைடுவால்ல டாட் நம்பரோட கடைசி நாலு எண்ண பாத்தேன், 0817. 2017ல எட்டாவது வாரத்துல செஞ்சது. அதுக்கு முந்தின வாரம்தான் மழைல ஒரு ரவுண்டானால 25 மைல் வேகத்துல திரும்பறப்போ பின்பக்கம் சட்டுனு வழுக்கி, வண்டி வழுக்கறப்போ டாஷ்போர்டுல எரியற ஸ்டெபிலிட்டி லைட் மினுக்கி, கைகால் எல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு. ரோடுதான் மோசம்னு நெனச்சுட்டு இருந்தேன். இது பழைய ஓனர் போட்டு வச்ச டயர், எந்த கம்பெனிங்கறது முக்கியமே இல்ல, எட்டு வயசாச்சுன்னா எந்த ரப்பரும் இறுகித்தான் போகும்.

வண்டி 2016 மஸ்டா எம்எக்ஸ்-5, ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், 2 லிட்டர், டயர் சைஸ் 205/45 ஆர்17, அதாவது 205 மிமீ அகலம், 17 இன்ச் சக்கரம். வீடு க்ளாசப்ல, வேலை ஷெஃபீல்ட்ல, வாரத்துல மூணு நாள் ஸ்னேக் பாஸ்ங்கற மலைப்பாதைல ஏறி இறங்கணும், அந்த ஏ57 ரோடு உச்சில 500 மீட்டருக்கு மேல போகும், பனி பெஞ்சா அடிக்கடி மூடிடுவாங்க, மூடலன்னாலும் ஈரம், இலை, மூடுபனினு ஏதாவது ஒண்ணு இருந்துட்டே இருக்கும். வெயில் நாள்ல மட்டும் எடுக்கற வண்டி இல்ல இது, என்கிட்ட இருக்கறதே இந்த ஒரு வண்டிதான். கீழ எழுதறத எல்லாம் அத மனசுல வச்சுட்டு படிங்க.

முதல்ல சீக்கிரம் முடிக்க வேண்டியத முடிச்சுடறேன். பேர் தெரியாத மலிவு டயர் வேண்டாம், அதுக்கு மேல அதுல பேச ஒண்ணும் இல்ல. 205க்கு பதிலா 215 போட்டா பார்வையா இருக்கும்னு சிலர் போடறாங்க, அதுவும் வேண்டாம், இவ்ளோ லேசான வண்டில அகலம் கூட கூட தண்ணிய அமுக்கி வெளிய தள்ளற வெயிட் டயருக்கு கிடைக்காது, மழைல மிதக்க ஆரம்பிச்சுடும். பின்சக்கர டிரைவ்தானே, பின்னாடி ரெண்டு மட்டும் நல்லதா மாத்திக்கலாம்னு ஒரு யோசனை வரும், எனக்கும் வந்துச்சு. பின்னாடி பிடிச்சு முன்னாடி பிடிக்கலன்னா வளைவுல வண்டி நேரா போயிடும், அதனால மாத்தினா நாலும் ஒண்ணா மாத்துங்க. 18, 19 இன்ச் போட்ட வண்டிக்காரங்க செலவழிக்கறத பாத்தா நமக்கு இது தாங்கற செலவுதான்.

நான் உக்காந்து யோசிச்சது நாலு. ஃபேக்டரில இருந்து இந்த 17 இன்ச் சக்கரத்தோட வந்த பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா எஸ்001, புது சம்மர் டயர்ல மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 5 இல்லன்னா குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6, ட்ராக் பக்கம் சாஞ்ச டயர்ல யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09, கடைசியா ஆல் சீசன்ல மிஷெலின் க்ராஸ்க்ளைமேட் 2. நான் போட்டது கடைசியா சொன்னது. ஸ்போர்ட்ஸ் கார்ல ஆல் சீசனானு நண்பர் ஒருத்தர் ரெண்டு தடவ கேட்டார், "மச்சான், நெஜமாவா?"ன்னு. நெஜமாத்தான். காரணம் ஒண்ணே ஒண்ணு, டயரோட சூடு.

இத கொஞ்சம் நீட்டி சொல்லணும், ஏன்னா டயர் வாங்கறப்போ இத யாரும் எனக்கு சொல்லல, நானா கணக்கு போட்டுத்தான் புரிஞ்சுது. டயர் மேல 84, 88னு ஒரு எண் இருக்கும், லோட் இண்டெக்ஸ். 84ன்னா ஒரு டயர் 500 கிலோ தாங்கும், 88ன்னா 560. இந்த வண்டிக்கு ஃபேக்டரி கேட்டது 84, ஆனா இந்த சைஸ்ல இப்போ கடைல கிடைக்கறது பெரும்பாலும் 88 எக்ஸ்எல், அதாவது சைடுவால் இன்னும் கெட்டி. வண்டி வெயிட் 1050 கிலோ சுத்தி வரும், ரெண்டு பேர் உக்காந்தா 1200, வெயிட் முன்னாடி பின்னாடி பாதி பாதியா பிரியற வண்டி, அப்போ ஒரு டயர் மேல 300 கிலோ. 560 தாங்கற டயர் மேல 300. டயர் சூடாகறதே அது நசுங்கி நிமிர்ந்து நசுங்கி நிமிர்ந்து ஓடறதாலதான், ஒவ்வொரு சுத்துலயும் ரப்பர் வளையறப்போ உள்ள போற சக்தில கொஞ்சம் சூடா மாறி அங்கயே தங்குது. நம்ம வண்டி டயர நசுக்கறதே இல்ல. அப்புறம் எங்க சூடாகும்?

அதே டயர 1300 கிலோ முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக்ல போட்டா, வெயிட்ல 60 சதவீதம் முன்னாடி உக்காந்து, ஒவ்வொரு முன்சக்கரத்து மேலயும் 400 கிலோ வரைக்கும் வரும், அதே சக்கரம்தான் இழுக்கவும் செய்யுது திருப்பவும் செய்யுது, டயர் நல்லா சூடாகி அதோட முழு பிடிப்பையும் காட்டும். பத்திரிகைல வர்ற டயர் டெஸ்ட் பெரும்பாலும் இந்த மாதிரி வண்டிலதான் நடக்குது. அதுல ஜெயிச்ச டயர் நம்ம வண்டில அதே மாதிரி நடந்துக்கும்னு சொல்ல முடியாது, இது டயரோட குத்தம் இல்ல, வண்டியோட வெயிட் அப்படி.

ஜனவரில ஒரு காலைல இத கையாலயே பாத்தேன். ஸ்னேக் பாஸ் தாண்டி 24 மைல் ஓட்டி ஆபீஸ் வந்து இறங்கினதும் கையுறைய கழட்டிட்டு முன் டயரோட த்ரெட்ல உள்ளங்கைய வச்சேன், ஆறிப்போன டீ டம்ளர தொட்ட மாதிரிதான் இருந்துச்சு, ஓரத்துல மட்டும் கொஞ்சம் கதகதப்பு. பக்கத்துல அப்பதான் வந்து நின்ன ஒரு எஸ்யூவி டயர தொட்டுப் பாத்தா அது நல்லாவே சூடு. ரெண்டும் ஒரே குளிர்ல, ஒரே மாதிரி ரோட்டுல வந்த வண்டிதான்.

இப்போ இத வச்சு மத்த டயர்கள பாருங்க. சம்மர் டயரோட ரப்பர் 7 டிகிரிக்கு கீழ போனா இறுக ஆரம்பிக்கும்னு பொதுவா சொல்வாங்க, அது ஒரு தோராய கணக்குதான், 7ல சுவிட்ச் போட்ட மாதிரி மாறாது, கொஞ்சம் கொஞ்சமா இறுகும். கனமான வண்டி ஓடி ஓடி அந்த ரப்பர சூடாக்கி மீட்டுக்கும், நம்ம வண்டி மீட்டுக்காது. எங்க ஊர் பக்கம் நவம்பர்ல இருந்து மார்ச் முடியற வரைக்கும் காலை ஏழு மணிக்கு 7 டிகிரிய தாண்டற நாள் குறைச்சல். அப்போ வருஷத்துல அஞ்சு மாசம் நான் வேலைக்கு போற நேரத்துல அந்த டயர் அதுக்கேத்த சூட்டுலயே இருக்காது. குளிர்லயும் இளகி இருக்கற ரப்பர், அதுல நெறைய வெட்டு, சைடுவால்ல மூணு சிகர மலைக்குள்ள ஸ்னோஃப்ளேக் போட்ட முத்திரை, இதெல்லாம் க்ராஸ்க்ளைமேட் 2ல இருக்கு, சூடாகற வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்ல, வீட்டு வாசல்ல கிளம்பறப்பவே பிடிக்குது. எனக்கு அதுதான் வேணும்.

அதுக்காக சம்மர் டயர் மட்டம்னு சொல்லவே மாட்டேன். நண்பர் வண்டியும் இதே மாடல்தான், அவர் போட்டிருக்கறது பைலட் ஸ்போர்ட் 5, ஜூலைல பக்ஸ்டன்ல இருந்து மேக்கிள்ஸ்ஃபீல்ட் போற கேட் அண்ட் ஃபிடில் ரோட்ல ஒரு மணி நேரம் அத ஓட்டினேன். ஸ்டியரிங்க ஒரு நூல் திருப்பினா மூக்கு அந்த ஒரு நூல் திரும்புது, ப்ரேக் அழுத்தினா அழுத்தின இடத்துல கடிக்குது. என் வண்டிக்கு மாறி உக்காந்ததும் வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சுது. வெயில்ல ஆல் சீசனோட த்ரெட் கட்டைகள் லேசா அசையும், திருப்பினதும் மொதல்ல ரப்பர் சாஞ்சு, அப்புறம்தான் வண்டி திரும்பும், காஞ்ச சூடான ரோட்ல நிக்கற தூரமும் சம்மர் டயர விட கூடத்தான் செய்யும், அந்த வித்தியாசத்த மனசுல வச்சுதான் முன்னாடி போற வண்டிக்கு இடைவெளி விடறேன். ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் மட்டும் ஓட்டி, குளிர் காலத்துல வண்டிய மூடி வைக்கறவங்க யோசிக்கவே வேண்டாம், சம்மர் டயர் போடுங்க. ரெண்டாவது செட் சக்கரம் வச்சுக்க கராஜ் இருந்தா அதுக்கும் மேல நல்லது. நான் இருக்கறது வாடகை ஃப்ளாட், நாலு சக்கரத்த படுக்கையறைலயா வைக்க முடியும்.

அசிமெட்ரிக் 6ஐ நான் ஓட்டிப் பாத்ததில்ல, அதனால அத பத்தி மேல பேச மாட்டேன். பொடென்சா எஸ்001 பத்தி ஒண்ணு சொல்லலாம், இந்த வண்டிக்கு ஃபேக்டரி கொடுத்த டயர், வண்டி புதுசா இருந்தப்போ எப்படி திரும்பிச்சோ அதே உணர்வு திரும்ப வேணும்னா நேர் வழி அதுதான். எனக்கு அது வேண்டாம்னு பட்டதுக்கு காரணம் மேல சொன்ன அதே குளிர்தான்.

ஏடி09 மாதிரி டயர்கள் வேற உலகம். வெட்டு குறைச்சல், த்ரெட் கட்டை பெருசு, ரப்பர் சூடான அப்புறம்தான் ஒட்டும். இதே நண்பர் அந்த மாதிரி டயர் போட்டுட்டு கேட்வெல் பார்க் ட்ராக்குக்கு போவார், பக்கத்து சீட்ல ரெண்டு தடவ உக்காந்திருக்கேன், மூணாவது லேப்ல இருந்து வண்டி ரோட்ல ஆணி அடிச்ச மாதிரி போகும், அந்த பிடிப்ப வேற எந்த டயர்லயும் நான் பாத்ததில்ல. அதுவும் லேசான வண்டிங்கறதால அந்த மென்மையான ரப்பர் கூட பயப்படற அளவுக்கு சீக்கிரம் தேயாது. ஆனா அங்க ஒவ்வொரு வளைவுலயும் முழு வேகத்துல அமுக்கி அமுக்கி டயர சூடாக்கறாங்க, காலைல ஆபீஸ் போற ரோட்ல அப்படி ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. ட்ராக்ல நானே ஸ்டியரிங் பிடிச்சு ஓட்டினவன் இல்ல, அதனால அங்க எது நல்லதுன்னு என்ன கேக்காதீங்க, ரோட்டுக்கு வேண்டாம்னு மட்டும் சொல்வேன்.

இன்னொண்ணு, இந்த வண்டில டயர் தேஞ்சு சாகறத விட வயசாகி சாகறதுதான் அதிகம். என் பழைய டயர்லயே 5 மிமீ மிச்சம் இருந்துச்சே. அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம் காட்டி செக் பண்ணுங்க, பத்து வருஷத்துல எப்படி இருந்தாலும் மாத்திடுங்கன்னு மிஷெலினே சொல்றாங்க. அதனால புதுசு வாங்கறப்போ டாட் நம்பர கடைலயே குனிஞ்சு பாத்துட்டு வாங்குங்க, ரெண்டு வருஷம் ஷெல்ஃப்ல கிடந்தத நம்ம வண்டில மாட்டினா அந்த ரெண்டு வருஷம் நம்ம கணக்குல போயிடும்.

பிரஷர் விஷயத்துல நான் பட்டத சொல்லிடறேன். டயர் மாட்டின கடைல நாலுலயும் 36 பிஎஸ்ஐ அடிச்சு அனுப்பிட்டாங்க, எல்லா வண்டிக்கும் அடிக்கற பழக்கம் போல. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் வண்டி குதிக்குது, ஒவ்வொரு ஒட்டு மேலயும் பின்பக்கம் தத்துது, தப்பான டயர வாங்கிட்டேனோன்னு ராத்திரி தூக்கமே இல்ல. மறுநாள் காலைல டிரைவர் பக்க கதவ திறந்து ஸ்டிக்கர பாத்தா நாலுக்கும் 29 பிஎஸ்ஐனு போட்டிருக்கு. ஏற்கனவே நசுங்காத டயர், அதுல ஏழு பிஎஸ்ஐ கூடுதலா அடிச்சா ரோட்ட தொடற இடம் இன்னும் சுருங்கும், இன்னும் சூடாகாது. வண்டி ஓடாம ஆறி இருக்கறப்போ 29க்கு இறக்கினேன், அன்னிக்கு சாயங்காலம் வேற வண்டில உக்காந்த மாதிரி இருந்துச்சு. எந்த டயர் போட்டாலும் கடைல சாவி குடுக்கறப்பவே 29னு சொல்லிடுங்க, வீட்டுக்கு வந்து நீங்களும் ஒரு தடவ அளந்துடுங்க. க்ராஸ்க்ளைமேட்டா இருந்தா சைடுவால்ல இருக்கற அம்புக்குறி முன்னாடி சுத்தற பக்கம் பாக்குதான்னும் பாத்துக்கங்க, அது ஒரு திசைல மட்டும் சுத்த வேண்டிய டயர்.

இது வரைக்கும் ஒரு குளிர் காலம், ஒரு கோடை, 6000 மைல். பிப்ரவரில ஒரு நாள் உச்சில ரோடு வெள்ளையா இருந்தப்போ ரெண்டாவது கியர்ல மெதுவா ஏறிச்சு, ஸ்டெபிலிட்டி லைட் ஒரே ஒரு தடவ மினுக்கிச்சு, அவ்ளோதான். பழைய டயர் வழுக்கின அதே ரவுண்டானால அதே மாதிரி மழைல பல தடவ திரும்பியாச்சு, பின்பக்கம் அசையல. ஐஸ் கட்டின ரோட்ல நான் இன்னும் போகல, அப்படி போகவும் மாட்டேன். அஞ்சாவது வருஷத்துல இந்த ரப்பர் எப்படி இருக்கும்னு அஞ்சாவது வருஷத்துலதான் சொல்ல முடியும். முன் டயர் அரை மிமீ, பின் டயர் ஒரு மிமீ கிட்ட தேஞ்சிருக்கு, திசை டயர்ங்கறதால எடது பக்கத்துது எடது பக்கத்துலயே முன்ன பின்ன மாத்தணும், வர்ற சனிக்கிழமை ஜாக் போட்டு அத மாத்திட்டு நாலுலயும் நகத்த அழுத்திப் பாக்கணும்.