கிரேப் மிர்ட்டிலுக்குக் குளிர்காலப் பராமரிப்பு: கவாத்தா, காத்திருப்பா? மூடாக்கா, போர்வையா?

கோடையில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் அழகு மரமான கிரேப் மிர்ட்டிலை வளர்ப்பவர்களிடம் குளிர்காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், ஒன்றுக்கொன்று நேர் எதிரான பதில்கள் வரும். இலை உதிர்ந்ததும் வெட்டிவிடு என்பார் ஒருவர், கத்தரிக்கோலைத் தொடாதே என்பார் இன்னொருவர். ஒருவர் சாக்கைச் சுற்றுவார், மற்றவர் சருகைக் குவிப்பார். எல்லா முறைகளையும் இரண்டு உண்மைகளை வைத்து எடைபோடலாம். இந்த மரம் பூப்பது அந்த ஆண்டு வரும் புதுத் துளிரில். எனவே மேல்கிளை கொஞ்சம் கருகினாலும் அந்தக் கோடையிலேயே பூவைப் பார்க்கலாம். ஆனால் தூரும் வேரும் செத்துவிட்டால் மரமே இல்லை. என்னைக் கேட்டால், குளிர்காலத்தில் காப்பாற்ற வேண்டியது தூரைத்தான். எந்த முறை தூரைக் காக்கிறதோ, மரத்தை ஒழுங்காகத் தூங்க விடுகிறதோ, அதுவே என் தேர்வு.

முதலில் கவாத்து. அதிகத் தவறு நடப்பது இங்கேதான். இலையுதிர் காலத்திலேயே வெட்டினால் தோட்டம் சுத்தமாகத் தெரியும், வேலையும் முடிந்துவிடும். அதில் வேறு லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெட்டுப்பட்ட மரம், நடுவில் நாலு நாள் வெயில் அடித்தால் உறக்கத்துக்குப் போவதை விட்டுவிட்டுப் புதுத் துளிர் விடப் பார்க்கும். அந்த இளம் துளிர் முதல் உறைபனியிலேயே கருகிப்போகும். முழு உறக்கத்தில் இருக்கும் வேரூன்றிய மரம் சுமார் -12 டிகிரி செல்சியஸ் வரை பெரிதாகச் சேதம் இல்லாமல் தாங்கிவிடும். அரைத் தூக்கத்தில் இருக்கும் மரத்தில் அதைவிடக் குறைந்த குளிரிலேயே தூருக்கு அருகில் பட்டை வெடிக்கும். குளிர்கால முடிவில், மொட்டுகள் வீங்கத் தொடங்கும் முன் வெட்டினால் இந்த ஆபத்து இல்லை. குளிரில் எந்தக் கிளை செத்தது, எது பிழைத்தது என்பதும் அப்போது தெரிந்துவிடும். ஆகவே காத்திருப்பதுதான் சரி. முறிந்து தொங்கும் கிளையை மட்டும் எந்த மாதத்திலும் எடுத்துவிடலாம்.

எப்போது வெட்டுவது என்பதைவிட எப்படி வெட்டுவது என்பதில் சண்டை பெரிது. ஒவ்வொரு ஆண்டும் எல்லாக் கிளைகளையும் ஒரே உயரத்தில் மொட்டையடிப்பது ஒரு முறை. ஆங்கிலத் தோட்டக்காரர்கள் அதைக் ‘கிரேப் மர்டர்’ என்று கொலைக்குச் சமமாகத் திட்டுவார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. வெட்டிய இடத்தில் முண்டு முண்டாகக் கட்டை பருக்கும். அதிலிருந்து நீளமான, வலுவில்லாத போத்துகள் கிளம்பும். அவற்றின் நுனியில் வரும் பூங்கொத்துகள் பெரிதாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மழை பெய்தால் பாரம் தாங்காமல் கிளை தரையைப் பார்த்துத் தொங்கும். தூரிலிருந்து வேண்டாத கன்றுகளும் அதிகம் முளைக்கும். வழவழப்பான பட்டையும் வளைந்து நெளிந்த கிளைகளும்தான் இலையில்லாத மாதங்களில் இந்த மரத்தின் அழகு. மொட்டையடித்தால் அதுவும் போச்சு.

எதிர் முறை, தேர்ந்தெடுத்து வெட்டுவது. உரசிக்கொள்ளும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை, தூர்க் கன்றுகள், பென்சிலைவிட மெலிந்த குச்சிகள் ஆகியவற்றை மட்டும் அடியோடு எடுத்தால் காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும். சாம்பல் நோய்க்கும் இடம் குறையும். மரம் ஜன்னலை மறைக்கிறது என்பதற்காக மொட்டையடிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அது தவறான ரகத்தைத் தேர்ந்ததன் விளைவு. ஒரு மீட்டருக்குள் அடங்கும் குட்டை ரகங்களும் உண்டு, 6 மீட்டரைத் தாண்டும் ரகங்களும் உண்டு. ஏற்கெனவே மொட்டையடித்த மரத்தையும் மீட்கலாம். ஒவ்வொரு முண்டிலும் வலுவான இரண்டு மூன்று போத்துகளை விட்டு மற்றவற்றை எடுத்துவிட்டு, சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

காய்ந்த விதைக்காய்களை வெட்டுவதா விடுவதா என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. விட்டால் மரத்துக்குக் கெடுதல் இல்லை, சிறு பறவைகளுக்கும் தீனி.

சரி, மூடாக்கா போர்வையா? சாக்குத்துணி சுற்றுவது பார்ப்பதற்குப் பெரிய பாதுகாப்பு போலத் தெரியும். ஆனால் செடி சொந்தமாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. போர்வை செய்வதெல்லாம் மண்ணிலிருந்து மேலே வரும் சூட்டைப் பிடித்து வைப்பதுதான். அதனால் துணி தரை வரை விரிந்து கிடந்தால்தான் பயன். தண்டை மட்டும் இறுக்கிக் கட்டினால் காற்றைத் தடுக்கும், அவ்வளவே. பிளாஸ்டிக்கைச் சுற்றுவது இன்னும் மோசம். பகல் வெயிலில் உள்ளே சூடேறி மரம் விழித்துக்கொள்ளும், உள்ளே சேர்ந்த ஈரம் இரவில் உறையும். நட்டு ஓரிரு ஆண்டுகளே ஆன கன்றுக்கு, கடும் குளிர் எதிர்பார்க்கும் சில இரவுகளில் மட்டும் துணி போட்டு, வெயில் வந்ததும் எடுத்துவிடுவது நல்லது. வளர்ந்த மரத்துக்குப் போர்வை வீண் வேலை.

மூடாக்கு அப்படியல்ல. மண் குளிர்ந்த பிறகு சருகு, மரச்சீவல், வைக்கோல் எதையாவது 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு, கிளைகள் விரியும் எல்லை வரை பரப்பினால் வேருக்குக் குளிர் ஏறி இறங்குவது மட்டுப்படும், ஈரமும் நிற்கும். மிதமான குளிர் உள்ள இடத்தில் தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது. ஈரத்தில் பட்டை அழுகும், எலியும் குடியேறும். ஆனால் அடிக்கடி -18 டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் என் பதில் மாறும். அங்கே மேல்பகுதி எப்படியும் கருகப் போகிறது. தூரின் மேலேயே 20, 30 சென்டிமீட்டருக்குக் காய்ந்த சருகைக் குவித்துவிட்டு, குளிர் விலகியதும் மறக்காமல் விலக்கிவிடலாம். அப்போது அது மரமாக நிற்காது. ஆண்டுதோறும் தூரிலிருந்து எழும்பும் புதராக இருக்கும். தாமதமாகப் பூத்தாலும் பூக்கும்.

புதிதாக நடுவோர் குளிர் தாங்கும் ரகத்தைத் தேர்ந்தாலே பாதி வேலை குறையும். சாதாரண இண்டிகா இனத்தோடு, ஜப்பானின் யாகுஷிமா தீவைச் சேர்ந்த ஃபௌரியை இனத்தைக் கலந்து அமெரிக்க தேசிய மரத் தோட்டத்தில் டொனால்ட் எகோல்ஃப் பல கலப்பு ரகங்களை உருவாக்கினார். 1978இல் வெளிவந்த ‘நாட்செஸ்’ அவற்றில் ஒன்று. வெள்ளைப் பூ, இலவங்க நிறப் பட்டை, சாம்பல் நோய்க்கு நல்ல எதிர்ப்பு. இலையில்லாத குளிர்காலத்திலும் அதன் பட்டைக்காகவே நின்று பார்க்கலாம்.

தொட்டிச் செடியின் கதை வேறு. நிலத்தில் வேரைச் சுற்றி மண்ணின் சூடு உண்டு. தொட்டியில் நான்கு பக்கமும் குளிர். கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. இருக்கும் வழிகள் மூன்று: வெளியே விடுவது, வீட்டுக்குள் கொண்டுவருவது, சூடேற்றாத கார் கொட்டகையில் வைப்பது. வீட்டுக்குள் வைப்பது அன்பினால் செய்யும் கெடுதல். அந்த வெதுவெதுப்பில் செடி தூங்காது, வெளிச்சம் போதாமல் வெளுத்த துளிர் விட்டுச் சோர்ந்துபோகும். கொட்டகைதான் நல்ல இடம். உறைநிலைக்குச் சற்று மேலே, 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் போதும். இலை உதிர்ந்துவிட்டதால் வெளிச்சமும் தேவையில்லை. மண் முழுக்கக் காய்ந்துவிடாதபடி எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் சரி. கொட்டகை இல்லாதவர்கள் தொட்டியோடு மண்ணில் புதைத்து மூடாக்குப் போடலாம்.

உரத்தில் ஒப்பிட ஒன்றுமில்லை: கோடை முடிந்த பிறகு தழைச்சத்து வேண்டாம். துளிரைத் தூண்டி, அகாலக் கவாத்து செய்யும் அதே கேட்டைச் செய்யும். தண்ணீர் மட்டும், மழையில்லாத குளிர்காலத்தில் மண் உறையாத நாள் பார்த்து அவ்வப்போது விட வேண்டும்.

இலையில்லாத மாதங்களில் பட்டைச் செதில் பூச்சி கண்ணில் படும். கிளைக் கவட்டில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். நசுக்கினால் இளஞ்சிவப்பாகக் கசியும். இதன் கழிவில் கரும்பூசணம் படர்ந்து மரமே கறுத்துப்போகும். வசந்தத்தில், மரம் முழுக்க ஊடுருவிப் பூச்சியைக் கொல்லும் மருந்தை வேரில் ஊற்றுவது சுலபம்தான். ஆனால் மகரந்தத்துக்காக இந்தப் பூவைத் தேடி வரும் தேனீக்களை நினைத்தால் எனக்கு மனம் வரவில்லை. மென்மையான தூரிகையும் சோப்புத் தண்ணீரும் கொண்டு இப்போதே தேய்த்துக் கழுவினால் பாதிப்பு வெகுவாகக் குறையும். கைக்கு எட்டாத கிளைகளுக்கு, மரம் உறங்கும் காலத்தில் பூச்சிக்காகத் தெளிக்கும் தோட்ட எண்ணெயைத் தெளிக்கலாம்.

குளிர் போனதும் ஒரு தேர்வு மிச்சம் இருக்கிறது. பக்கத்து மரங்கள் பச்சையாகிவிட்டன, இது மட்டும் கட்டையாக நிற்கிறது என்று பிடுங்கிப்போடுவதா, பொறுப்பதா? தாமதமாகத் துளிர்ப்பது இந்த மரத்தின் இயல்பு. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் கிளை உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் கொஞ்சம் கீழே சுரண்டுங்கள், பச்சை தெரியும் இடம் வரை வெட்டுங்கள். தூர் வரை பழுப்பே என்றாலும் தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டுக் கோடை தொடங்கும் வரை காத்திருங்கள். அதுவரை வேரிலிருந்து ஒரு துளிரும் வராவிட்டால் மட்டும் தோண்டி எடுக்கலாம்.