24 மணி நேர பிபி கருவி: கட்டிப் பார்த்த அனுபவம்

நீர் பிரிய வைக்கும் மாத்திரையோடு சேர்த்து மூன்று வகை மருந்தை முழு அளவில் சாப்பிட்டும் என் பிபி இறங்கவில்லை. நான்காவதை எழுதும் முன், ஒரு நாள் முழுக்கக் கருவியைக் கட்டிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சிலருக்கு டாக்டரைக் கண்டாலே பிபி ஏறும், வீட்டில் சரியாக இருக்கும். அவர்களுக்கு மருந்தைக் கூட்டினால் தலைசுற்றி விழ வேண்டியதுதான்.

கருவி சின்னது, இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். பகலில் அரை மணிக்கு ஒருமுறை, இரவில் மணிக்கு ஒருமுறை கைப்பட்டை இறுகும். அப்போது பேசாமல், கையைத் தளரவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி இறுக்கும். குளிக்க முடியாது. தூக்கம் கலையத்தான் செய்யும்.

கட்டிவிட்ட பெண்ணைப் பாராட்ட வேண்டும். முதலில் என் கையைச் சுற்றி நாடா வைத்து அளந்து, பெரிய பட்டையாக எடுத்துக் கட்டினார். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிபியை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். எத்தனையோ இடங்களில் இதை யாரும் பார்ப்பதே இல்லை. மாத்திரை சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம் எழுத ஒரு தாளும் கொடுத்தார்.

ரிப்போர்ட்தான் குறை. சராசரி மட்டும் அச்சடித்த ஒரே பக்கத்தை நீட்டினார்கள். நான் கேட்ட பிறகுதான் முழு அட்டவணையும் வரைபடமும் வந்தன. விஷயமே அதில்தான் இருந்தது! தூக்கத்தில் பிபி பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும், இரவுச் சராசரி 120/70-க்குக் கீழே இருக்க வேண்டும். எனக்கு இரவிலும் கோடு மேலேயே ஓடியது.

அதைப் பார்த்ததும் டாக்டரின் கேள்விகளே மாறிவிட்டன. பிபி இறங்காததற்குக் காரணம் தேடி, குறட்டை உண்டா, வலி மாத்திரை அடிக்கடி போடுவதுண்டா என்று கேட்டார். அப்புறம் ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன், ரெனின் என்ற பிபி தொடர்பான இரண்டு சுரப்புகளின் அளவைப் பார்க்கச் சொன்னார். ஆல்டோஸ்டிரோன்தான் எகிறியிருந்தது. அது உடம்பில் உப்பைத் தேக்கி பிபியை ஏற்றும் ஹார்மோன். இப்போது அதன் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறேன். அதில் பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் நடக்கிறது.

மருந்துக்கு அடங்காத பிபி என்று சொல்லப்பட்ட யாரும் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த முறையும் அதே இடத்துக்குத்தான் போவேன். முழு அட்டவணை வேண்டும் என்று கட்டும்போதே சொல்லிவிடுவேன்.